மில் வீட்டுப் பிளக்

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் ஃபோனிலேயே பார்த்து ஃபோனிலேயே ஆர்டர் போட்டு ஒரு வெல்டிங் மெஷின் வரவழைத்தான். இருக்கிறதிலேயே விலை குறைந்தது அதுதானாம். பெட்டியைப் பிரித்தால் டிபன் கேரியர் பருமனில் ஒரு சாமான். அதை வைத்து மொட்டை மாடிக்குக் கைப்பிடி போடப்போவதாகச் சொல்லி, வீட்டில் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையெல்லாம் பிடுங்கி, ஒன்றின் வாலில் இன்னொன்றைச் செருகி, மாடிப்படி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். நான் கீரை ஆய்ந்தபடியே, "யார் வீட்டுப் பிளக்குலடா சொருகப் போறே?" என்று கேட்டேன்.

"நம்ம வீட்டுலதான் பாட்டி. வேற யார் வீட்டுல சொருகுவாங்க?"

"அப்ப நல்லா ஒட்டும். ஆனா ஒரு பிரயோஜனமும் இருக்காது" என்றேன்.

பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அவனுக்கு விளங்க வேண்டுமென்றால் என் சித்தப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும். அதை அவனிடம் சொன்னால் ஃபோனைப் பார்த்துக்கொண்டே கேட்பான். உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டேனே, அதற்கு முந்தி என்பது மட்டும் நிச்சயம். சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. மன்னார்புரத்தில் ஒரு ஷெட்டில் வெல்டருக்கு எடுபிடியாக இருந்தார். அந்த ஷெட்டை மூடியபோது, முதலாளி சம்பள பாக்கிக்குப் பதிலாக மூலையில் கிடந்த பழைய வெல்டிங் மெஷினைத் தலையில் கட்டிவிட்டார். கட்டிவிட்டார் என்பது அப்பாவின் கட்சி. கிடைத்தது என்பது சித்தப்பாவின் கட்சி. மாட்டு வண்டியில் அது வந்து இறங்கியபோது, ஏதோ கோயில் உண்டியல் வருகிறது என்று நினைத்து ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன்.

முதல் நாளே அதை எங்கள் வீட்டுப் பிளக்கில் செருகி, வெல்டிங் குச்சியான ராடை இரும்பில் தொட்டார் சித்தப்பா. பட்டென்று ஒரு சத்தம். எங்கள் வீட்டு ஃபியூஸ் போனது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து, போனது ஃபியூஸ் மட்டும்தானா, கொழுந்தனாரும் போய்விட்டாரா என்று விசாரித்தாள். ஃபியூஸ் கட்டையில் புதுக் கம்பி கட்டி மறுபடி தொட்டார். மறுபடியும் போனது. ரேடியோவும் இரண்டு பல்பும் எரிவதற்காகப் போட்ட லைன் அது. அதனிடம் போய் இரும்பை உருக்கச் சொன்னால் என்ன செய்யும்.

அப்பா அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "ஆடிப்பெருக்கு வரைக்கும் டயம். அதுக்குள்ள இந்தப் பிசாசை வச்சு உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டு. இல்லேன்னா இது பழைய இரும்புக் கடைக்கு, நீ வையம்பட்டிக்கு."

வையம்பட்டியில் எங்கள் அத்தை வீட்டுக் கடலைக்காடு இருந்தது. அங்கே போனால் களைகொத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஸ்ரீரங்கத்தை மறந்துவிட வேண்டும். சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. சித்தப்பா போவதற்காக அல்ல, சப்பரத்துக்காக. ஆடிப்பெருக்கு அன்றைக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சின்னச் சப்பரத்தில் சாமி படம் வைத்து, பூச்சுற்றி, காவிரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போவோம். எல்லாருக்கும் மரச் சப்பரம். எனக்கு மட்டும் இரும்பில் செய்து தருவதாகவும், அந்தச் சந்தே வாயைப் பிளக்கும் என்றும் சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு நான்கு சக்கரமாகப் பழைய பேரிங்குகள்கூட வந்துவிட்டன. ராத்திரி அவற்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பேன்.

மோட்டார் ஓட்டுகிற தடி கரண்ட் இருந்தால் மெஷின் ஓடும் என்று சித்தப்பா கண்டுபிடித்துச் சொன்னார். எங்கள் சந்தில் தடி கரண்ட் இரண்டு வீட்டில் இருந்தது. ஒன்று எதிர் வீடு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் கிணற்று மோட்டாருக்காகப் பெரிய பிளக் போட்டு வைத்திருந்தார். எங்கள் வாசலிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். இன்னொன்று சந்தின் மறு கோடியில் இருந்த மாவு மில். முன்பக்கம் மில், பின்பக்கம் வீடு.

சித்தப்பா மாவு மில்லுக்கு ஒயர் இழுத்தார்.

அந்த ஒயரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் ஒரே நீளமாக வாங்கியது இல்லை. இஸ்திரிப் பெட்டியின் நூல் சுற்றிய ஒயர், பந்தல்காரரிடம் கெஞ்சி வாங்கிய சீரியல் பல்பு ஒயர், எங்கோ வீடு இடித்தபோது கிடைத்த ஒயர் என்று பல ஜாதியையும் முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றி, அதற்கு நீட்சி ஒயர் என்று பேரும் வைத்தார். அது எங்கள் கொல்லையில் புறப்பட்டு, கொய்யா மரத்தில் ஏறி, சுவர் சுவராகத் தாண்டி, ஒரு வீட்டின் கிணற்று ராட்டினத்தில் இளைப்பாறி, மில் வீட்டுக் கொல்லையில் போய் இறங்கியது. நடுவில் ஒரு வீட்டில் அதைக் கொடி என்று நினைத்து ஈரப் பாவாடையைக் காயப்போட்டுவிட்டார்கள். நல்லவேளை, அப்போது ஊருக்கே கரண்ட் இல்லை.

அந்தப் பக்கத்தில் பிளக்கைச் செருகுவதும் பிடுங்குவதும் மில்லுக்காரர் மகளின் பொறுப்பு. அக்கா என்று கூப்பிடுவேன். மில்லில் மாவை அள்ளிக் கொடுக்கிற வேலை அவளுடையது. புருவத்திலும் இமையிலும் எப்போதும் மாவு படிந்து, முப்பது வருஷம் கழித்து எப்படி இருப்பாள் என்பதை அப்போதே காட்டிக்கொண்டிருப்பாள். அவளும் சித்தப்பாவும் பேசி நான் பார்த்ததே இல்லை. சந்தில் எதிரும் புதிருமாக வந்தால் இரண்டு பேரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டு போவார்கள். சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மில் ஓடுகிற சத்தத்தில் கூப்பிட்டால் காது கேட்காது என்பதால், ஓடிப்போய்ச் சொல்கிற வேலை எனக்கு. போடச் சொன்னார் என்று சொல்ல ஓட வேண்டும். நிறுத்தச் சொன்னார் என்று சொல்ல ஓட வேண்டும். மில்லுக்காரரிடம் சொல்லக் கூடாது, அக்காவிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது சித்தப்பாவின் கண்டிப்பான உத்தரவு. பெரியவருக்குக் கை நடுங்குகிறது, பிளக் விஷயத்தில் விளையாடக் கூடாது என்றார். மில்லுக்காரரோ ஒரு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கி மறு கையால் மீசை முறுக்குகிறவர். கரண்டைத் தொடும்போது மட்டும் நடுக்கம் வரும்போலும் என்று நானும் நம்பினேன்.

அக்கா சும்மா பிளக்கைப் போட மாட்டாள். "உங்க சித்தப்பா சாப்டாரா?" என்று கேட்பாள். நான் திரும்ப ஓடிவந்து கேட்பேன். சாப்பிட்டாயிற்று என்று சொல்லச் சொல்வார். அதைப் போய்ச் சொல்வேன். என்ன குழம்பு என்று கேட்பாள். அதற்கும் ஓடுவேன். வெறும் வயிற்றுக்காரர்களுக்கும் வத்தக்குழம்பு சாப்பிட்டவர்களுக்கும் தடி கரண்ட் ஆகாது, அதனால்தான் விசாரிக்கிறாள் என்று எனக்குள் ஒரு சாஸ்திரம் உண்டாகியிருந்தது.

இவ்வளவு ஓடியும் வேலை நடந்ததா என்றால் இல்லை. அந்த ஒயரில் கரண்ட் எங்கள் கொல்லைக்கு வந்து சேரும்போது நடந்து நடந்து களைத்துப் போயிருக்கும். ராடை இரும்பில் தொட்டால் பொறி பறக்காது. அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். சித்தப்பா அதைப் பிய்த்தெடுக்க ஆட்டுவார், மெஷின் உறுமும், மில் வீட்டுப் பல்பு அழுது வடியும். ஒரு நாள் முழுக்கப் போராடி சப்பரத்துக்கு இரண்டு கால் ஒட்டினார். நான் தூக்கிப் பார்த்தேன். ஒரு கால் என் கையோடு வந்துவிட்டது.

ரயில்வே தாத்தா தன் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பார். தினமும் ஒரு தடவை, "தம்பி, எம் மோட்டார் பிளக்கு சும்மாத்தான் இருக்கு. எடுத்துக்க" என்பார். சித்தப்பா தினமும் ஒரு காரணம் சொல்வார். ஒரு நாள், மோட்டார் பிளக் தண்ணீருக்குப் பழகிய பிளக், இரும்புக்குச் சரிவராது என்றார். தாத்தா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பல்செட் மடியில் விழுந்துவிட்டது. அப்பாவுக்குத்தான் ஆத்திரம். கைக்கெட்டுகிற தூரத்தில் கரண்ட் இருக்கும்போது இவனுக்குச் சந்துக் கோடியில்தான் வேண்டுமா என்று அம்மாவிடம் கத்துவார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். பாவம், அம்மாவுக்குப் பல்வலி என்று நினைத்தேன்.

ஆடிப்பெருக்குக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி. அப்போதுதான் அந்தப் புகை கிளம்பியது. ஒயரில் மிச்சமிருந்த நீளத்தையெல்லாம் வட்டமாகச் சுற்றி, மில் வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தார் சித்தப்பா. விரித்துப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதாம். சுற்றி வைத்த ஒயர், தன் சூட்டைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே வெந்திருக்கிறது. நான் நிறுத்தச் சொல்லப் போனபோது சுருளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ரப்பர் உருகிச் சொட்டியது. கீழே மாவு மூட்டைகள். அக்கா பிளக்கைப் பிடுங்குவதற்குள் மில்லுக்காரர் ஓடிவந்து, ஒரு கம்பால் சுருளைத் தட்டி வெளியே தள்ளிவிட்டார். பிறகு கரிந்துபோன ஒயரைச் சந்து நெடுக இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டார்.

"எங்க வீட்ல மாவு மூட்டை இருக்கு, வயசுப் பொண்ணு இருக்கு. ரெண்டையும் பத்திரமா வச்சுக்கணும். இனிமே உங்க ஒயரு எங்க வாசப்படி ஏறக் கூடாது. சொல்லிட்டேன்" என்று சத்தம் போடாமல் அப்பாவிடம் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் அப்பா, பழைய இரும்புக்காரரிடம் ஆடி பதினெட்டுக்கு மறுநாள் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அத்தைக்கும் தகவல் போனது. ரயில்வே தாத்தா வாசலிலிருந்தே பிளக்கைக் காட்டினார். சித்தப்பா தலையை ஆட்டிவிட்டு, கொல்லையில் போய் மெஷின் மேல் கோணிச்சாக்கைப் போர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். சப்பரம் ஒற்றைக் காலில் சுவரில் சாய்ந்து கிடந்தது.

மறுநாள் அம்மா மாவிளக்குக்குப் பச்சரிசி அரைத்துவர என்னைத்தான் மில்லுக்கு அனுப்பினாள். அங்கே அக்காவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சப்பரம் வராது, மெஷினை இரும்புக்காரர் எடுத்துப் போகப்போகிறார், சித்தப்பா வையம்பட்டிக்குப் போகிறார், இனிமேல் வரவே மாட்டார் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா என் தூக்கில் மாவை அள்ளிப் போட்டாள், தட்டினாள், நிரம்பி வழிந்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் அப்பா அந்தப் பக்கம் போனதும் குனிந்து, சித்தப்பாவிடம் ஒரு சின்ன ரம்பம் இருக்கிறதல்லவா என்று கேட்டாள்.

"இரும்பு அறுக்கிற ரம்பமாக்கா?"

"ஆமா. கொல்லையில ஒரு முருங்கைக் கிளை செவுத்துல உரசுது, வெட்டணும். பொழுது சாய எடுத்துட்டு வா. யார்ட்டயும் சொல்லாத."

முருங்கையை இரும்பு ரம்பத்தால் வெட்டலாமா என்ற கேள்வி எனக்கு வராமல் இல்லை. ஆனால் அதற்குள் வெல்லக்கட்டி ஒன்றைக் கையில் வைத்துவிட்டாள். சாயங்காலம் ரம்பத்தைப் பாவாடையில் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலையில் திருப்பிக் கொடுத்தாள். நன்றாகத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாள். சித்தப்பா ஒரு நாளும் அதை அப்படி வைத்துக்கொண்டதில்லை.

அன்றைக்கு மில்லில் சரியான கூட்டம். ஆடிப்பெருக்குக்கு முதல் நாள். சந்து முழுக்கத் தூக்கும் வாளியுமாகப் பெண்கள். மில்லின் தலையில் அரிசி கொட்டுகிற பெரிய தொட்டியை இரும்புக் கால்கள் தாங்கிக்கொண்டிருக்கும். ஒரு அம்மாவின் அரிசியைத் தொட்டியில் கொட்டியதுதான் தாமதம், ஒரு கால் சொய்ங்கென்று விலகி, தொட்டி சாய்ந்து, அரிசி தரையெல்லாம் கொட்டிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் மில் நின்றுவிட்டது. மன்னார்புரத்துக்கு எடுத்துப் போய் ஒட்டிக்கொண்டு வர வேண்டுமென்றால் அன்றைக்கு முடியாது. நாளைக் காலையில் காவிரிக்குப் போக வேண்டும், மாவில்லாமல் எப்படிப் படைப்பது என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். மில்லுக்காரர் மீசையை முறுக்கக்கூட மறந்து நின்றார்.

அக்கா அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல, "இந்தச் சந்துலயே மெஷினு வச்சுக்கிட்டுக் கோணியப் போத்தி வச்சிருக்காங்க" என்றாள்.

மில்லுக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தபோது அப்பா, இன்னும் என்ன எரிந்ததோ என்று பயந்து எழுந்து நின்றார். மெஷினைக் கொண்டுவரச் சொன்னதும் சித்தப்பா எழுந்த வேகத்தில் கோணி கொய்யா மரத்துக்குப் பறந்தது. நான்கு பேர் தூக்கினார்கள். மில்லில் மோட்டாருக்கு வருகிற தடித்த லைனிலேயே, கை நீளத்துக்கு ஒரு தடித்த ஒயரைப் போட்டு மெஷினை இணைத்தார்கள். சித்தப்பா ராடைத் தொட்டார். ஐயோ, அந்த வெளிச்சம். தீபாவளி மத்தாப்பு மாதிரி நீலமாகப் பொங்கியது. பெண்கள் எல்லாம் முகத்தை மூடிக்கொண்டார்கள். இவ்வளவு நாள் உறுமிக்கொண்டே கிடந்த மெஷினா இது என்று எனக்கு வாய் மூடவில்லை.

ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. சித்தப்பா உட்கார்ந்து, விட்டுப்போன காலின் முனையை விரலால் தடவினார். மறுபடி தடவினார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவள் மாவுப் பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். மில்லுக்காரரும் குனிந்து அந்த இடத்தைத் தன் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார், மகளின் முதுகைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சீக்கிரம் ஒட்டுப்பா. ஜனம் நிக்குது" என்றார். இத்தனை வருஷம் உழைத்த இரும்பு போய்விட்டதே என்று மூன்று பேருக்கும் துக்கம் என்று நினைத்தேன். எனக்கும் கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது.

கால் ஒட்டி, தொட்டி ஏறி, மில் ஓடியது. அப்பா வந்து ஒட்டிய இடத்தை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. நேரே போய், இரும்புக்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். மெஷினைத் திரும்பத் தூக்கப் போனவர்களை மில்லுக்காரர் நிறுத்தினார். "ஒயர நீட்டிக்கிட்டே போனா கரண்டு வத்திப் போயிடும். மெஷினு இங்கேயே கெடக்கட்டும். செய்யற வேலைய இங்க வந்து எங் கண்ணு முன்னால செய்யி" என்றார். கண் முன்னால் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அன்று சாயங்காலமே மில் வீட்டுக் கொல்லையில் என் சப்பரத்துக்கு நான்கு காலும் கோபுரமும் வந்துவிட்டன. மறுநாள் அதைக் காவிரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். இழுத்தோம் என்றா சொன்னேன்? அதை நகர்த்துவதற்கு எருமை மாடு தேவைப்பட்டது. மரச் சப்பரங்களெல்லாம் குடுகுடுவென்று ஓடிப்போய்விட, என்னுடையது ரோட்டைக் கீறிக்கொண்டு, ரயில் வருகிற சத்தத்தோடு பின்னால் வந்தது. அக்கா வந்து என்னோடு கயிற்றைப் பிடித்தாள். சித்தப்பா பின்னாலிருந்து தள்ளினார். அம்மா மண்டபத்துச் சரிவில் அது தானாகவே காவிரிக்குப் போகப் பார்த்தபோது, முன்னால் அவளும் பின்னால் அவருமாகப் பிடித்து நிறுத்தினார்கள். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் நடுவில் நின்று, பிடிக்கச் சொல்கிறார், விடச் சொல்கிறாள் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம்.

இரண்டு வருஷம் கழித்து அந்த அக்காவைச் சித்தி என்று கூப்பிடச் சொன்னார்கள். எனக்கு வாயில் வர ரொம்ப நாளாயிற்று. மெஷின் கடைசி வரைக்கும் அந்தக் கொல்லையிலேயே இருந்தது. அங்கே எத்தனையோ கேட்டும் ஜன்னலும் பிறந்தன. தானாக ஒடிந்த இரும்பின் வாய் கரடுமுரடாக இருக்கும், ரம்பம் பட்டால்தான் வழவழவென்று இருக்கும் என்று நான் தெரிந்துகொண்டதும் அங்கேதான். அதற்குள் எனக்கே கல்யாணமாகிவிட்டது.

ஆனால் அந்த ஆடிப்பெருக்குக்கு மறுநாள் எனக்கு ஒன்றும் தெரியாது. சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க மில் வீட்டுக் கொல்லைக்குப் போனேன். சித்தப்பா கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே அந்த முருங்கைக் கிளை, காற்று அடிக்கும்போதெல்லாம் சுவரில் உரசிக்கொண்டே இருந்தது.

பாவம், அக்கா மறந்துவிட்டாள் போலிருக்கிறது. நான் நல்ல பிள்ளையாக மில்லுக்குள் ஓடிப்போய், எல்லார் முன்னாலும், "அக்கா, ரம்பம் வாங்குனீங்களே, அந்தக் கிளைய வெட்டவே இல்லையே" என்று ஞாபகப்படுத்தினேன்.

மில்லுக்காரர் மீசைக்குள் இருமினார். அக்கா டப்பாவைத் திறந்து, இருந்ததிலேயே பெரிய வெல்லக்கட்டியாகப் பார்த்து எடுத்து என் வாயில் திணித்தாள். அதை மெல்லவே நேரம் சரியாக இருந்ததால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.